35 சதவீதத்தில் அணைந்துபோகும் போன்: பேட்டரியின் உடல்நிலையை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அப்பா வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு வயது நான்கு. 5,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள பேட்டரி. காலையில் முழுதாகச் சார்ஜ் போட்டு எடுத்தால் மாலை நான்கு மணிக்கு 35 சதவீதம் இருக்கும். அந்த நேரத்தில் கேமராவைத் திறந்தாலோ வீடியோ காலில் பேசினாலோ சட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகிப் போட்டால் மறுபடி 30 என்று காட்டுகிறது. ஒரு செயலியை இறக்கிப் பார்த்தேன், 'பேட்டரி ஹெல்த்: குட்' என்கிறது. கடைக்காரரோ போர்டு பிரச்சினை என்கிறார். பேட்டரியை மாற்றுவதா, போனையே மாற்றுவதா?"

பேட்டரிதான். போனைப் பார்க்காமலே அநேகமாக உறுதியாகச் சொல்வேன். மீதிச் சந்தேகத்தை இன்றிரவே வீட்டில் வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம், காசு செலவில்லாமல். அதற்கு முன்னால் அந்த 'குட்' என்ற சொல்லை ஓரங்கட்டிவிடுவோம். பாதிப் பேரைக் குழப்புவது அதுதான்.

ஆண்ட்ராய்டில் பேட்டரியின் நிலையைச் சொல்ல ஒரு சின்னப் பட்டியல் உண்டு: குட், ஓவர்ஹீட், டெட், ஓவர் வோல்டேஜ், கோல்ட், அப்புறம் காரணம் தெரியாத கோளாறு. இலவசச் செயலிகளில் பல இந்தப் பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பச்சை நிறத்தில் பெரிதாக எழுதிக் காட்டுகின்றன. இந்த நிமிடம் பேட்டரி சூடாகவில்லை, வோல்டேஜ் எல்லை தாண்டவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். எண்பது வயதுப் பெரியவருக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று சொல்வது மாதிரி. காய்ச்சல் இல்லை, சரி. மூன்று மாடி ஏறுவாரா என்பது வேறு கேள்வி. உங்கள் அப்பாவின் போன் அந்த மூன்றாவது மாடியில்தான் உட்கார்ந்துவிடுகிறது.

பேட்டரிக்கு மூப்பு இரண்டு விதமாக வரும். உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள வீட்டில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். மாடித் தொட்டியின் அடியில் வருடக்கணக்காகச் சேறும் உப்பும் சேரச்சேர, ஆயிரம் லிட்டர் தொட்டியில் எண்ணூறு லிட்டர்தான் நிற்கும். இது ஒன்று. அதே உப்பு குழாய்க்குள்ளும் படிந்து துவாரம் சுருங்கிவிடும். ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் வரும். அதே நேரம் கீழே இன்னொருவர் வாளியை வைத்தால் மேலே ஷவர் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே இருக்கும். இது இரண்டாவது.

லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். உள்ளே இருக்கும் கிராஃபைட் தகட்டின் மேல், முதல் சார்ஜிலிருந்தே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது இல்லாவிட்டால் பேட்டரியே வேலை செய்யாது. ஆனால் காலம் போகப்போக, சூடு ஏற ஏற, படலம் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும்போது லித்தியத்தைத் தின்னும், அதனால் கொள்ளளவு குறையும். மின்சாரம் போகிற வழியையும் அடைக்கும், அதனால் உள் மின்தடை கூடும். எல்லோரும் விசாரிப்பது முதல் கணக்கை மட்டும்தான்: "எத்தனை சதவீதம் ஹெல்த்?" ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவது.

உங்கள் போனையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 சதவீதத்தில், சும்மா இருக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் 3.75 அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைத் திறந்ததும் திரை, பிராசசர், சென்சார் எல்லாம் சேர்ந்து ஒரு கணம் 3 ஆம்பியர் இழுக்கிறது. உள் மின்தடை 0.1 ஓம் என்றால் வோல்டேஜ் 0.3 இறங்கும், 3.45-இல் போன் சுகமாக ஓடும். அதுவே மூப்பு வந்து 0.3 ஓம் ஆகியிருந்தால் 0.9 இறங்கி 2.85-க்குப் போய்விடும். அவ்வளவு கீழே போனால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அணைந்ததும் சுமை போய்விடுகிறது, வோல்டேஜ் மேலே வந்துவிடுகிறது, சார்ஜரைச் செருகினால் 30 என்று அப்பாவி போலக் காட்டுகிறது. நீங்கள் விவரித்திருப்பது வரிக்கு வரி இதுதான்.

சரி, கடைக்காரர் சொன்ன போர்டு பிரச்சினை? அதையும் சோதித்துவிடலாம். 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். பிறகு 35-க்கு இறங்கியதும் சார்ஜரைச் செருகியபடியே அதே வேலையைச் செய்து பாருங்கள். இரண்டிலும் போன் ஓடி, சார்ஜர் இல்லாமல் கீழ்ப் பாதியில் மட்டும் அணைகிறது என்றால் பேட்டரி. சார்ஜர் செருகியிருந்தும், 90-இலும், கண்ட நேரத்தில் அணைகிறது என்றால் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். போர்டில் இருக்கும் கோளாறுக்குப் பேட்டரியில் எத்தனை சதவீதம் மீதம் என்று பார்த்துப் படுக்கும் பழக்கம் பெரும்பாலும் கிடையாது.

இந்த விவகாரம் உலக அளவில் நாறியதும் ஒருமுறை நடந்தது. ஐபோன் 6, 6எஸ் போன்கள் சார்ஜ் இருக்கும்போதே அணைகின்றன என்று 2016-இல் புகார்கள் குவிந்தன. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டுக்குப் பிறகு அணைவது குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று ஆப்பிள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த வருடம் டிசம்பரில், கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், பழைய ஐபோன்களின் மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசசரின் வேகம் வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது என்பது அம்பலமானது. சுருங்கிய குழாய்க்கு ஏற்றாற்போல் குழாயைத் திறக்கும் அளவையே குறைத்திருந்தார்கள். தொழில்நுட்பரீதியாக அது முட்டாள்தனமான யோசனை இல்லை. சொல்லாமல் செய்ததுதான் தப்பு. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 ஆக்கியது, 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-இல் 'பேட்டரி ஹெல்த்' பக்கத்தைக் கொடுத்தது. 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதமும் போட்டது. இன்றைக்கு ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பேட்டரிக்குள் போய்ப் பார்க்கும் அந்தச் சதவீதம் இப்படிப் பிறந்ததுதான்.

அந்தப் பக்கத்தில் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பல மாடல்களில் அதன் அருகில், பேட்டரி முழு வேகத்துக்கு ஈடுகொடுக்கிறதா என்றும் ஒரு வரி இருக்கும். என் கணக்கில் அந்த வரிதான் முக்கியம், ஏனென்றால் குழாயைப் பற்றிப் பேசுவது அதுதான். ஐபோன் 15-இலிருந்து சைக்கிள் எண்ணிக்கையும் காட்டுகிறது. சைக்கிள் என்பது சார்ஜரைச் செருகிய தடவை அல்ல. இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் செலவழித்தால் அது ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரையிலான போன்கள் 500 சைக்கிளில் 80 சதவீதமும், 15-இலிருந்து 1,000 சைக்கிளில் 80 சதவீதமும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். இந்தச் சதவீதமும் வேதவாக்கு அல்ல. ஐபோன் 11 வரிசையில் சிலவற்றில் கணிப்பு தவறாக இருக்கிறது என்று 2021-இல் ஐஓஎஸ் 14.5 மூலம் கணக்கை முதலிலிருந்து போட வைத்தார்கள். அளப்பவனே தப்பாக அளந்திருந்தான்.

ஆண்ட்ராய்டுக்கு வருவோம். இங்கே ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மாதிரி. கூகுளின் பிக்சலில் செட்டிங்ஸின் 'அபவுட் போன்' பகுதிக்குள் பேட்டரியின் தயாரிப்புத் தேதியும் சைக்கிள் எண்ணிக்கையும் கிடைக்கும். பிக்சல் 8ஏ-விலும் அதற்குப் பிந்தையவற்றிலும் சதவீதமும் உண்டு. சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலிக்குள் போன் டயக்னாஸ்டிக்ஸ் என்ற இடத்தில் பேட்டரியைத் தட்டினால் நிலையை ஒரு சொல்லில் சொல்லும். அது நான் மேலே திட்டிய 'குட்' இல்லை, மூப்பைப் பற்றியதுதான், ஆனால் ரொம்பத் தாராளமாக மதிப்பெண் போடும் வாத்தியார். ஒப்போ, ஒன்பிளஸ், ஷாவ்மி ஆகியவற்றின் புதிய போன்கள் பலவற்றில் பேட்டரி செட்டிங்ஸுக்குள்ளேயே சதவீதம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: அங்கே விற்கும் போன்களின் பேட்டரி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். நம் ஊரில் வாங்கிய நான்கு வயதுப் போனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு விஷயம்.

நட்சத்திரம் 4636 என்று டயல் செய்யச் சொல்லிப் பலர் அனுப்புவார்கள். *#*#4636#*#* அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், உண்மைதான். ஆனால் இப்போதைய போன்களில் பெரும்பாலும் அதில் பேட்டரி பற்றி உருப்படியாக ஒன்றும் இருப்பதில்லை. சாம்சங்கில் *#0228# அடித்தால் அந்த நேரத்து வோல்டேஜ் தெரியும். அந்தப் பக்கத்தில் 'குயிக் ஸ்டார்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைத் தொடாதீர்கள். பேட்டரியை அளக்கும் சிப்பின் கணக்கை அது கலைத்துப் போடும். கணினியில் கைவைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், போனைக் கணினியோடு இணைத்து டெவலப்பர் கருவி வழியாகப் பேட்டரி விவரத்தைக் கேட்கலாம். சாம்சங் மாடல்கள் பலவற்றில் அந்த விவரத்துக்குள் 'அசாக்' (Asoc) என்று முடியும் பெயரோடு ஒரு வரி இருக்கும். அதன் எதிரே உள்ள எண்தான் கம்பெனியே கணக்குப் போட்டு வைத்திருக்கும் ஆரோக்கியச் சதவீதம். சர்வீஸ் செய்பவர்கள் "அசோக் எவ்வளவு?" என்று விளையாட்டாகக் கேட்பதைக் கேட்டிருக்கிறேன்.

இது எதுவும் இல்லாத போனுக்கு அக்யூபேட்டரி போன்ற செயலிகள் போதும். இவை சொல்லை ஒப்பிக்காமல் உண்மையிலேயே கணக்குப் போடுகின்றன. சார்ஜ் ஏறும்போது எத்தனை எம்ஏஎச் உள்ளே போனது, எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்த்து வகுக்கும். 20-இலிருந்து 80 வரை ஏற 2,340 எம்ஏஎச் போனது என்றால், 60 சதவீதத்துக்கு 2,340, முழுசுக்கு 3,900. பெட்டியில் எழுதியிருந்தது 5,000. ஆகவே 78 சதவீதம். ஒரே நாளில் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றும் குறைந்தது 60 சதவீதமாவது ஏறுகிற மாதிரி, சார்ஜ் ஏறும்போது போனைத் தொடாமல் விட்டுச் சராசரி எடுங்கள். முதல் நாள் 92 என்றும் மறுநாள் 71 என்றும் காட்டி வயிற்றைக் கலக்கும். ஒரு வாரத்தில் ஒரு இடத்தில் நிலைபெறும். அதிவேகச் சார்ஜ் உள்ள சில போன்களில் உள்ளே இரண்டு செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். அவற்றில் இந்தச் செயலி பாதிக் கொள்ளளவைக் காட்டக்கூடும். 48 சதவீதம் என்று பார்த்ததும் பதறாமல், முதலில் அது இரட்டைச் செல் போனா என்று பாருங்கள்.

யூஎஸ்பி மீட்டர் என்று சின்னதாக ஒரு கருவி கிடைக்கும், சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுவது. அதையும் சிலர் வாங்கி வைத்துக்கொண்டு தப்பான கணக்குப் போடுகிறார்கள். மீட்டர் அளப்பது 5 வோல்ட்டில். பேட்டரியின் எம்ஏஎச் எழுதப்பட்டிருப்பது 3.85 வோல்ட் அளவில். மீட்டர் 4,000 எம்ஏஎச் என்று காட்டினால் பேட்டரி 4,000 என்று அர்த்தமில்லை. 4 ஆம்பியர் மணியை 5-ஆல் பெருக்கினால் 20 வாட் மணி. வழியில் சூடாகப் போவது பத்து, பதினைந்து சதவீதம் என்று கழித்தால் 17 அல்லது 18 மிஞ்சும். அதை 3.85-ஆல் வகுத்தால் 4,400-இலிருந்து 4,700-க்குள் வரும். அதாவது நல்ல பேட்டரி. மீட்டரை வைத்து அளப்பதானால் போனை அணைத்துவிட்டு, வேகச் சார்ஜ் இல்லாத சாதாரண 5 வோல்ட் சார்ஜரில், பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஏற்றுங்கள். வேகச் சார்ஜர் வோல்டேஜை 9-க்கும் 12-க்கும் மாற்றினால் எம்ஏஎச் கணக்கு குழம்பிவிடும். அப்போது வாட் மணியை மட்டும் பாருங்கள்.

இதுவரை சொன்னது தொட்டியை அளப்பது. குழாயை அளக்கும் செயலி என்று தனியாக எனக்குத் தெரிந்து நம்பும்படி எதுவும் இல்லை. ஆனால் கைக்கணக்காகப் போட்டுவிடலாம். அதே அக்யூபேட்டரியிலோ வோல்டேஜும் மின்னோட்டமும் காட்டும் வேறு செயலியிலோ, சார்ஜர் இல்லாமல், 50 சதவீதத்தில் இதைச் செய்யுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து ஒரு நிமிடம் விட்டு இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: உதாரணத்துக்கு 200 மில்லி ஆம்பியர், 3.82 வோல்ட். பிறகு வெளிச்சத்தை முழுதாக வைத்து, டார்ச்சைப் போட்டு, கனமான ஒரு விளையாட்டை ஓடவிட்டு மறுபடி பாருங்கள்: 1,700 மில்லி ஆம்பியர், 3.64 வோல்ட். மின்னோட்ட வித்தியாசம் 1.5 ஆம்பியர், வோல்டேஜ் வித்தியாசம் 0.18. வகுத்தால் 0.12 ஓம். இது ஆரோக்கியமான பேட்டரி. உங்கள் அப்பாவின் போனில் 0.25, 0.3 என்று வந்தால் வேறு சாட்சியே வேண்டாம். ஆய்வகத் துல்லியம் கிடைக்காது. செயலி எண்ணைப் புதுப்பிக்கும் வேகத்தில் கொஞ்சம் முன்பின் ஆகும். இரண்டு மடங்கா மூன்று மடங்கா என்று தெரிந்துகொள்ள இது தாராளம். ஏசி அறையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை என்று அளக்காதீர்கள், குளிரில் மின்தடை கூடுதலாகக் காட்டும்.

கணக்கெல்லாம் அப்பாவுக்கு ஒத்துவராது என்றால் இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். தூங்கப் போகும்போது சதவீதத்தைக் குறித்துவிட்டு ஃபிளைட் மோடில் போடுங்கள். காலையில் பாருங்கள். இரண்டு மூன்று சதவீதம் இறங்கியிருந்தால் சரி. மறுநாள் இரவு ஃபிளைட் மோட் இல்லாமல் அதே மாதிரி வையுங்கள். முதல் இரவு 2, இரண்டாம் இரவு 18 என்று இறங்கினால், தினமும் சார்ஜ் சீக்கிரம் தீர்வதற்குப் பேட்டரி மட்டும் காரணம் இல்லை. வீட்டுக்குள் சிக்னல் பலவீனமாக இருந்து போன் இரவு முழுக்க டவரைத் தேடிக்கொண்டிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு செயலி விழித்திருக்கிறது. புதுப் பேட்டரி போட்டாலும் அந்தப் பிடுங்கல் தொடரும். பேட்டரியைக் குறை சொல்லி மாற்றிவிட்டு, "மாற்றியும் நிற்கவில்லை" என்று வருகிறவர்களில் நான் பார்த்த பாதிப் பேருக்கு இதுதான் கதை. வீட்டில் 5ஜி வந்து வந்து போகிற இடமாக இருந்தால் 4ஜிக்கு மாற்றி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சோதனை எல்லாவற்றுக்கும் முந்தியது, பத்து விநாடிதான் ஆகும். உறையைக் கழற்றிவிட்டுப் போனைக் கண்ணாடி மேசையிலோ கிரானைட் மேடையிலோ மல்லாக்க வையுங்கள். கேமரா மேடு இல்லாத பக்கமாக மூலையை லேசாகத் தட்டினால் பம்பரம் மாதிரி சுழல்கிறதா? பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா? திரையின் நடுவில் மஞ்சளாகவோ வெளுத்தோ ஒரு திட்டு தெரிகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் மேலே சொன்ன கணக்கு எதையும் போட வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்திச் சமன்படுத்தப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை விடுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பதும் கதை.

பழைய கதை இன்னொன்று: பூஜ்யம் வரை இறக்கி நூறு வரை ஏற்றினால் பேட்டரி புத்துயிர் பெறும் என்பது. நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம் அது. லித்தியத்தில் அப்படிச் செய்தால் அளக்கும் சிப்பின் கணக்கு கொஞ்சம் நேராகும், அவ்வளவுதான். 18-இலிருந்து ஒரே தாவலாக 3-க்குக் குதிக்கிற போனுக்கு ஒருமுறை செய்து பாருங்கள். குதிப்பது நின்றால் அளவுகோலின் பிழை. நிற்காவிட்டால் பேட்டரியின் பிழை. மாதாமாதம் செய்தால் தேய்மானம்தான் மிச்சம்.

மதுரை என்று சொன்னதால் சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டரிக்கு எமன் சைக்கிளைவிடச் சூடுதான், அதிலும் முழுச் சார்ஜில் இருக்கும்போது படும் சூடு. 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழல் வெப்பம் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கலாம் என்று ஆப்பிள் தன் கையேட்டிலேயே எழுதுகிறது. சித்திரை வெயிலில் அந்த 35 நம் வீட்டு ஹாலிலேயே இருக்கும். பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப்பை ஓடவிட்டு, வெயிலில் சார்ஜும் போட்டுக்கொண்டு போகிற டெலிவரி இளைஞர்களின் போன்களைத் திறந்துபார்த்திருக்கிறேன்; இரண்டே வருடத்தில் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். அப்பாவிடம் ராத்திரி தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால், புதுப் பேட்டரி வருவதற்கு முன் அதை நிறுத்துங்கள். 80 அல்லது 85-இல் சார்ஜை நிறுத்தும் வசதி அந்தப் போனில் இருந்தால் போட்டு வையுங்கள். பகலெல்லாம் வீட்டில் இருப்பவருக்கு 80 தாராளம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா, அவருடைய வங்கிச் செயலியும் யூபிஐயும் தடையில்லாமல் ஓடுகின்றனவா, திரை உடையாமல் இருக்கிறதா? ஆம் என்றால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். நான்கு வருடமாகக் கை பழகிய போனை அந்த வயதில் மாற்றினால், எந்த ஐகான் எங்கே இருக்கிறது என்று தினமும் மூன்று தடவை போன் செய்து கேட்பார். யாரிடம் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்டேட் நின்று ஒன்றிரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால் அந்தப் போனில் பணப் பரிவர்த்தனை வேண்டாம், புதுசாகவே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றும் இடம்தான் சிக்கல். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கிடைத்தால் அங்கேயே மாற்றுங்கள். கூடுதலாகக் கேட்டாலும், பெரும்பாலும் மதிப்புள்ள செலவு. நான் ஒருமுறை சோம்பேறித்தனமாகப் பக்கத்துத் தெருக் கடையில் மாற்றினேன். பளபளவென்று ஸ்டிக்கர், "ஒரிஜினல் சார், கம்பெனி பீஸ்" என்ற உறுதிமொழி. மூன்று வாரம் கழித்துச் செயலி காட்டிய எண் 61 சதவீதம். வருடக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த பழைய சரக்குக்கு மேல் புது லேபிள் ஒட்டியிருந்தார்கள். பேட்டரி வேலை செய்யாமல் அலமாரியில் தூங்கினாலும் அதற்கு வயதாகும் என்பதை அறுநூறு ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

வெளியில்தான் மாற்ற வேண்டும் என்றால், போடுவதற்கு முன் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்குப் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று சொல்லிவிடும். போலி லேபிள்காரர்கள் பலர் கண்ட எண்ணை அச்சடித்திருப்பார்கள். பேட்டரியின் எண்ணைத் தேடினால் பவர் பேங்க் கம்பெனி வரும். தயாரிப்புத் தேதி ஒரு வருடத்துக்குள் இருந்தால் நல்லது. உங்கள் போனுக்கு 5,000 என்றிருக்க, அதே அளவில் '6,800 எம்ஏஎச்' என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், பின்மூடியைத் திறந்தபின் போனின் நீர்த்தடுப்பை நம்பாதீர்கள், திறப்பதற்கு முன் போட்டோக்களை வேறிடத்தில் ஏற்றிவிடுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கேயே ஒப்படையுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.

இந்தப் பதிலைப் படிக்கிற யாராவது பழைய ஐபோன் வாங்கும் யோசனையில் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று. நான்கு வயதுப் போனில் 'ஹெல்த் 100' என்று விளம்பரம் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். 'பூஸ்ட்' செய்வது என்று சந்தையில் ஒரு வேலை நடக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் சிப்பில் எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிடுவார்கள். செல் அதே கிழட்டுச் செல். பாகம் மாற்றியிருந்தால் அதைச் சொல்லும் உதிரிபாக வரலாறு என்று ஒரு பகுதி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் 30 சதவீதத்தில் வைத்து விற்பவர் கண்முன்னே பத்து நிமிடம் 4கே வீடியோ எடுங்கள். எண்ணை ஏமாற்றலாம், அந்தப் பத்து நிமிடத்தை ஏமாற்றுவது கஷ்டம்.

அப்பாவின் போனுக்குப் புதுப் பேட்டரி வந்ததும் முதல் வேலையாக அக்யூபேட்டரி போன்ற செயலியில் இருக்கும் பழைய கணக்கை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழசின் சராசரியையும் புதுசின் சராசரியையும் சேர்த்துக் குழப்பி, புத்தம்புதுப் பேட்டரிக்கு 84 என்று மதிப்பெண் போடும். நீங்கள் மறுபடி கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். அழித்துவிட்டு ஐந்தாறு சார்ஜ் கணக்கெடுங்கள். 95-க்கு மேல் நின்றால் சரியான பேட்டரி. 90-க்குக் கீழே நின்றால், கடைக்காரர் கொடுத்த வாரண்டிச் சீட்டு எங்கே என்று தேடுங்கள்.